"குர்ஆனிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது?"

லண்டனிலோ பாரிஸிலோ ஒரு தாக்குதல் நடந்தால் போதும், மறுநாள் காலைக்குள் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். குர்ஆனிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அத்தியாய எண், வசன எண் எல்லாம் சரியாகவே போட்டிருக்கும். "கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்பது அநேகமாக முதல் வரி. மதியத்துக்குள் பதில் பட்டியல் வந்து சேரும்: "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை", "ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன்". அப்புறம் இரண்டையும் வைத்துக்கொண்டு சண்டை.

இரண்டு பட்டியலிலும் இருக்கிற வரிகள் குர்ஆனில் உண்மையாகவே இருப்பவைதான். யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் பட்டியல் போடுவது வேறு, வாசிப்பது வேறு. ஒரு வேதநூலை அதை நம்புகிறவர்கள் எப்படி வாசிக்கிறார்கள், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தின் மேல் வெறுப்பை ஏற்றுவது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம். அரபி தெரிய வேண்டியதில்லை, எந்த மதத்தையும் நம்ப வேண்டியதும் இல்லை.

பெட்டியில் கிடைத்த கடிதம்

பழைய தகரப் பெட்டியைத் துழாவும்போது தாத்தா ஐம்பது வருஷத்துக்கு முன் பாட்டிக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இருட்டிய பிறகு யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் திறக்காதே" என்று இருக்கிறது. இதை வைத்து உங்கள் தாத்தா விருந்தோம்பல் தெரியாத மனிதர், உறவை மதிக்காத குடும்பம் உங்களுடையது என்று ஒருவர் முடிவு கட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த மாதம் ஊரில் தொடர்ந்து திருட்டு நடந்திருக்கலாம். நிலத்தகராறு ஏதாவது இருந்திருக்கலாம். அடுத்த கடிதத்திலேயே "தம்பி வருகிறான், நல்லபடியாகக் கவனி" என்று எழுதியிருக்கலாம். கடிதம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது யாருக்கு, எப்போது, எதற்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் அதன் பொருள் நம் கைக்கு வராது.

நமக்கு இன்னும் பழக்கமான உதாரணம் குறள். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்கிறது 550-ஆவது குறள். இந்த ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து, மனிதர்களைக் களை என்று சொல்லிக் கொல்லச் சொல்கிறார் வள்ளுவர் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினால் நாம் சும்மா இருப்போமா? இது செங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது, அரசனுக்குச் சொன்னது, உனக்கும் எனக்கும் சொன்னதில்லை என்போம். கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே இருக்கிறதே என்போம். பரிமேலழகர் இதைக் கொலைத் தண்டனை என்றே எடுத்தார், ஆனால் கொலை செய்யும் கொடியவர்களைத் தண்டிப்பது என்று மட்டும் படிக்கவும் அந்த வரியின் இலக்கணம் இடம் கொடுக்கிறது என்று ஒருவர் எழுந்து சொல்வார். உடனே உரையாசிரியர்கள் பக்கம் போய்விடுவோம். இது தப்பிக்கும் வேலை இல்லை, பழைய நூலைப் படிக்கிற முறையே இதுதான்.

குர்ஆன் எப்படி அமைந்திருக்கிறது

குர்ஆனில் 114 அத்தியாயங்கள். ஒவ்வொன்றையும் சூரா என்பார்கள், அதிலுள்ள வசனத்தை ஆயத் என்பார்கள். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிகிற கதைப்புத்தகம் என்று நினைத்துக் கையில் எடுத்தால் குழம்பிப்போவீர்கள். 610 முதல் 632 வரை, சுமார் 23 ஆண்டுகளில், நபிகள் நாயகத்துக்கு அவ்வப்போது இறங்கியதாக முஸ்லிம்கள் நம்பும் வசனங்களின் தொகுப்பு அது. காலவரிசைப்படியும் அடுக்கப்படவில்லை. பொதுவாக நீளமான சூராக்கள் முன்னால், குட்டையானவை பின்னால். முதன்முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் "ஓதுவீராக" என்ற வசனம் 96-ஆவது சூராவில் கிடக்கிறது.

அந்த 23 ஆண்டும் ஒரே மாதிரி இல்லை. மக்காவில் இருந்தபோது முஸ்லிம்கள் அடிவாங்கிக்கொண்டிருந்த சிறு கூட்டம். 622-இல் மதீனாவுக்குப் போன பிறகு ஓர் ஊரை நிர்வகிக்கிற, போர் செய்கிற, ஒப்பந்தம் போடுகிற சமூகமாக மாறினார்கள். பொறுமையைச் சொல்லும் வசனங்களும் சண்டையைச் சொல்லும் வசனங்களும் இந்த வேறு வேறு நிலைமைகளில் வந்தவை. தாத்தாவின் கடிதங்களைத் தேதி இல்லாமல் கலைத்துப் போட்டுக் கட்டியது மாதிரி என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். ஓரளவுதான், ஏனென்றால் முஸ்லிம்களுக்கு அந்த வரிசையும் புனிதமானது.

ஒரே ஒரு வசனம், கொஞ்சம் கிட்டத்தில்

எல்லாப் பட்டியலிலும் முதலில் வருகிற அந்த வரியையே எடுப்போம். அது 9-ஆவது சூராவின் 5-ஆவது வசனம். "வாள் வசனம்" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது, ஆனால் அதில் வாள் என்ற சொல்லே கிடையாது. புனித மாதங்கள் கழிந்ததும் இணைவைப்பவர்களை, அதாவது இறைவனுக்கு நிகராக வேறு தெய்வங்களை வணங்கியவர்களை, கண்ட இடத்தில் கொல்லுங்கள், பிடியுங்கள், முற்றுகையிடுங்கள் என்கிறது. அவர்கள் திருந்தி, தொழுது, ஸகாத் கொடுத்தால் அவர்கள் வழியில் விட்டுவிடுங்கள் என்று முடிகிறது. ஸகாத் என்றால் கடமையாகக் கொடுக்கவேண்டிய தர்மப் பங்கு.

இப்போது ஒரு படி மேலே, 4-ஆவது வசனம்: உங்களோடு ஒப்பந்தம் செய்து, அதில் குறைவைக்காமல், உங்களுக்கு எதிராக யாருக்கும் உதவாமல் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களோடு ஒப்பந்தத்தைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். ஒரு படி கீழே, 6-ஆவது வசனம்: அந்த இணைவைப்பவர்களில் ஒருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் வார்த்தையைக் கேட்கட்டும், பிறகு அவரைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள். 13-ஆவது வசனம் காரணத்தையும் சொல்கிறது: வாக்கை முறித்தவர்கள் அவர்கள், முதலில் தொடங்கியவர்களும் அவர்கள்.

பின்னணி இதுதான். 628-இல் ஹுதைபிய்யா என்ற இடத்தில் மக்காவாசிகளோடு பத்து ஆண்டு சமாதான ஒப்பந்தம் ஆனது. மக்கா பக்கம் இருந்த ஒரு குலம், முஸ்லிம்கள் பக்கம் இருந்த இன்னொரு குலத்தைத் தாக்கியதில் அது முறிந்தது. 630-இல் மக்கா முஸ்லிம்கள் கைக்கு வந்தது, அதற்கு அடுத்த ஆண்டு இந்த அறிவிப்பு, அதுவும் நான்கு மாதத் தவணையோடு.

இதைச் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, பிரச்சினையே இல்லை" என்று போய்விட நான் தயாராக இல்லை. தொழுது ஸகாத் கொடுத்தால் விடுங்கள் என்ற இடத்தில் இன்றைய வாசகர் நிச்சயம் நிற்பார், நிற்கத்தான் வேண்டும். பழைய அறிஞர்களே அங்கே நின்று வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் ஒரு எட்டு போய்ப் பார்ப்பது நல்லது.

உரையாசிரியர்கள் சண்டை

குர்ஆனுக்கு எழுதும் விரிவுரைக்கு தஃப்சீர் என்று பெயர். எழுதுகிறவர் அரபி இலக்கணம் பார்ப்பார், அந்த வசனம் எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்று பார்ப்பார், குர்ஆனின் மற்ற இடங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பார், நபியின் சொல்லையும் செயலையும் பதிந்த ஹதீஸ்களைப் பார்ப்பார். நம் பரிமேலழகரும் மணக்குடவரும் மோதுவது மாதிரி இவர்களும் மோதுவார்கள்.

பெரிய மோதல் நஸ்க் என்ற கருத்தின் மேல். பிந்தி வந்த வசனம் முந்தி வந்த வசனத்தின் சட்டத்தை மாற்றிவிடுவதற்கு நஸ்க் என்று பெயர். அரசாணை மாதிரி யோசியுங்கள்: புது ஆணை வந்தால் பழையது செல்லாது. சில பழைய அறிஞர்கள், 9:5 வந்த பிறகு பொறுமையைச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்கள் மாற்றப்பட்டுவிட்டன என்றார்கள். இதை மறைக்கக் கூடாது. ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) மாதிரி ஆயுத அமைப்புகள் பிடித்துக்கொண்டதும் இந்த வாதத்தைத்தான், வெறுப்புப் பட்டியல் போடுகிறவர்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் சுயூத்தி என்ற பேரறிஞர், குர்ஆன் முழுவதிலும் மாற்றப்பட்ட வசனங்கள் சுமார் இருபதுதான் என்று குறைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் தில்லியைச் சேர்ந்த ஷா வலியுல்லாஹ் அதையும் அலசி ஐந்துதான் தேறும் என்றார். "உங்களோடு போரிடுகிறவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள்" என்கிற 2:190 இன்றும் செல்லும் என்று வாதிட்டவர்கள் தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே இருக்கிறார்கள்.

இந்த உரைகளிலிருந்து எடுத்து அன்றாட விதியாக வகுக்கிற மனித முயற்சிக்கு ஃபிக்ஹ் என்று பெயர். இதில் சுன்னிகளுக்கு மட்டும் நான்கு பெரிய பள்ளிகள் உண்டு: ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி. துருக்கியில் பெரும்பாலும் ஹனஃபி, மொராக்கோவில் மாலிகி, இந்தோனேசியாவில் ஷாஃபி. நம் கடற்கரை ஊர்களில் பலர் ஷாஃபி, உள்ளே வந்தால் ஹனஃபி, தொழுகையில் கை கட்டும் இடமே மாறும்.

ஃபத்வா என்ற சொல்லை மேற்குலகம் பெருமளவில் கேள்விப்பட்டது 1989 பிப்ரவரியில், ஒரு நாவலாசிரியரைக் கொல்லச் சொல்லி ஈரானின் அன்றைய தலைவர் கொமேனி அறிவித்தபோது. அன்றிலிருந்து அங்கே ஃபத்வா என்றால் மரண தண்டனை என்றே பலர் நினைக்கிறார்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு ஓர் அறிஞர் தரும் மார்க்கக் கருத்துதான் ஃபத்வா. நோன்பு நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் வருகிற பதிலும் ஃபத்வாதான்.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம்: வசனத்துக்கு ஒரு சந்தர்ப்பம் உண்டு, முன்னும் பின்னும் வசனங்கள் உண்டு, அதன் மேல் ஆயிரம் வருஷத்துக்கு மேலான உரைகள் உண்டு, அந்த உரைகள் ஒன்றுபோல இல்லை. ஆகவே "குர்ஆன் சொல்கிறது" என்று ஒருவர் தொடங்கினால் "யாருடைய உரைப்படி?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

மொழிபெயர்ப்பும் ஓர் உரைதான்

மேற்கில் குர்ஆனைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு. 4:34-இல் கணவன் மனைவி பிணக்கைப் பற்றி வருகிற இடத்தில் "அடியுங்கள்" என்று வழக்கமாக மொழிபெயர்க்கிற ஒரு சொல் இருக்கிறது. பரவலாகப் படிக்கப்படும் யூசுஃப் அலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே "இலேசாக" என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்த்தது. அரபி மூலத்தில் அந்தச் சொல் இல்லை, உரை மரபிலிருந்து வந்தது. 2007-இல் அமெரிக்காவில் லாலே பக்தியார் என்ற பெண் அறிஞர், அந்த வினைக்கு விலகிப்போவது என்ற பொருளும் உண்டு என்று வாதிட்டு அப்படியே மொழிபெயர்த்தார். பலர் ஏற்கவில்லை. ஒரு சொல்லில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நல்ல பட்டியலுக்கும் இதே விதி

ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலத்தையே கொன்றவன் என்ற வரியை 2009 ஜூனில் கெய்ரோவில் பேசும்போது ஒபாமாவும் சொன்னார். அழகான வரி, 5:32. ஆனால் அது "இஸ்ரவேலின் மக்களுக்கு விதித்தோம்" என்று தொடங்குகிறது, கொலைக்கும் பூமியில் குழப்பம் விளைவிப்பதற்கும் விலக்கு வைக்கிறது, அடுத்த வசனம் கடுமையான தண்டனைகளைப் பேசுகிறது. அன்போடு பிய்த்தாலும் பிய்த்தது பிய்த்ததுதான். எதிராளி அடுத்த வசனத்தை எடுத்து நீட்டும்போது நம்மிடம் பதில் இருக்காது, அப்போது கேட்டுக்கொண்டிருக்கிற மூன்றாவது மனிதர், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றே முடிவு செய்வார்.

இரண்டு எதிரிகள், ஒரே வாசிப்பு

2014 செப்டம்பரில், பல நாடுகளைச் சேர்ந்த 120-க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். 24 குறிப்புகள். அப்பாவிகளைக் கொல்வது, தூதர்களைக் கொல்வது, அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் தடுக்கப்பட்டவை என்று சொல்லும் அந்தக் கடிதம், அதற்கு முன்பே வாசிப்பு முறையைத்தான் பிடிக்கிறது: ஒரு விஷயத்தைப் பற்றிக் குர்ஆனும் ஹதீஸும் சொல்கிற எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரு வசனத்தையோ வசனத்தின் பாதியையோ காட்டித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அதே 2014-இல் பர்மிங்காமைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், சிரியாவில் சண்டையிடப் போனதற்காக பிரிட்டன் நீதிமன்றத்தில் குற்றவாளிகளானார்கள். புறப்படுவதற்கு முன் அவர்கள் இணையத்தில் வாங்கியவை இஸ்லாம் பற்றியும் குர்ஆன் பற்றியும் ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்ட தொடக்கநிலைக் கையேடுகள். உரை மரபில் மூழ்கி எழுந்து போனவர்கள் இல்லை அவர்கள். பட்டியல் போடுகிற வெறுப்பாளரும் ஐஎஸ் ஆள்சேர்ப்பவரும் ஒரே இடத்தில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்: இந்த வரிக்கு ஒரே பொருள்தான், அதை ஏற்காதவன் உண்மையான முஸ்லிம் இல்லை.

வெறுப்பு நுழைகிற இடம்

2015 கடைசியில் நெதர்லாந்தில் இரண்டு இளைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு பைபிளுக்கு மேல் குர்ஆன் அட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய், வருகிறவர்களிடம் சில வரிகளை வாசித்துக் காட்டினார்கள். பெண் உபதேசம் செய்ய அனுமதி இல்லை என்பது ஒன்று, பெண்ணின் கையை வெட்டச் சொல்லும் வரி இன்னொன்று. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள், இந்தக் காலத்தில் எப்படி இதை நம்புகிறார்கள் என்றார்கள், பைபிளோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் கடுமை என்றும் சொன்னார்கள். பிறகு அட்டையைக் கழற்றிக் காட்டினார்கள். சிலர் சிரித்துவிட்டார்கள், சிலருக்குப் பேச்சு வரவில்லை.

இதனால் பைபிள் மோசம் என்று ஆகிவிடாது. அந்தத் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவர் என்றால் பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்" என்று இயேசு சொன்னதாக மத்தேயுவில் வருகிறது. அதைப் படித்துவிட்டு யாரும் பாட்டியைப் பார்த்துப் பயப்படுவதில்லை, பாட்டியை நேரில் தெரியும். முஸ்லிமை நேரில் தெரியாதபோதுதான் வசனம் அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு மேற்கில் புழங்குகிற சொல் இஸ்லாமோஃபோபியா. முஸ்லிம் என்பதற்காகவே ஒருவரைச் சந்தேகிப்பது, ஒதுக்குவது, தாக்குவது என்று பொருள். பிரிட்டனில் ரன்னிமீட் டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு 1997-இல் வெளியிட்ட அறிக்கைதான் இந்தச் சொல்லைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. மதத்தை விமர்சிப்பதையே தடுக்க இந்தச் சொல் பயன்படுகிறது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு, அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 4:34-ஐக் கடுமையாக விமர்சிக்கலாம், பழைய சட்டநூல்களை மறுக்கலாம், இறைவனே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அதெல்லாம் கருத்தோடு சண்டை. வேலைக்கு வந்தவரின் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கினால் அது மனிதரோடு சண்டை. பயம் வெறும் கற்பனையில் வந்தது என்றும் சொல்ல முடியாது, 2015 நவம்பரில் பாரிஸில் ஒரே இரவில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். ஆனால் அந்தப் பயம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். 2001 செப்டம்பர் 11 முடிந்து நான்காம் நாள், அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு சீக்கியர், தலையில் இருந்த தலைப்பாகைதான் காரணம்.

ஆள் குறையக் குறையப் பயம் கூடும்

2016-இல் இப்சாஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல நாடுகளில் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் நாட்டில் நூறில் எத்தனை பேர் முஸ்லிம்கள்? பிரான்ஸில் சராசரிப் பதில் 31. உண்மை 7.5. அமெரிக்காவில் 17 என்றார்கள், உண்மை 1.

சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29 அன்று பள்ளிவாசல் மினாரா, அதாவது கோபுரம், கட்டுவதைத் தடைசெய்ய மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அப்போது நாடு முழுவதும் இருந்த மினாராக்கள் நான்கு. தகராறைத் தொடங்கிவைத்த ஒன்று, வாங்கன் என்ற சிற்றூரில் ஒரு துருக்கிய சங்கக் கட்டடத்தின் மேல் எழும்பவிருந்தது, உயரம் ஆறு மீட்டர். பிரச்சாரச் சுவரொட்டியில் சுவிஸ் கொடியைத் துளைத்துக்கொண்டு ஏவுகணைகள் மாதிரி கறுப்பு மினாராக்கள் நின்றன. குர்ஆனில் மினாரா பற்றி எதுவும் இல்லை, அதனால் தடைசெய்தால் மத சுதந்திரம் கெடாது என்பது தடை கேட்டவர்களின் வாதங்களில் ஒன்று. 57.5 சதவீதம் பேர் தடைக்கு வாக்களித்தார்கள். எதிர்த்து வாக்களித்த மாநிலங்களில் ஜெனீவாவும் பாசல் நகரமும் உண்டு, முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிற இடங்கள் அவை. முஸ்லிம்களைப் பார்ப்பதே அரிதான அப்பென்ஸல் மலைப்பகுதியில்தான் ஆதரவு மிக உயரமாக இருந்தது.

ஓர் உயில்

ஷரீஅத் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தண்ணீருக்குப் போகும் வழி என்பது அதன் வேர்ப்பொருள், இறைவன் காட்டிய வாழ்க்கை வழி என்பது மதப்பொருள். தொழுமுன் கைகால் கழுவுவது, நோன்பு, தர்மம், திருமணம், சொத்துப் பங்கீடு, அடக்கம் எல்லாம் அதற்குள் வரும். குற்றத் தண்டனைகளும் உண்டு, மேற்கத்திய செய்திகளில் வருவது அது மட்டும்தான்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2010 நவம்பரில், நீதிமன்றங்கள் ஷரீஅத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 70 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். உடனே அந்த மாநிலத்து முஸ்லிம் ஒருவர் வழக்குப் போட்டார். தன் உயிலில் சில காரியங்கள் ஷரீஅத் முறைப்படி நடக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தார். தான் இறந்த பிறகு அந்த உயிலை நிறைவேற்ற நீதிமன்றத்தால் முடியாமல் போகும், மற்ற மதத்தவர் உயிலுக்கு இந்தத் தடை இல்லையே என்பதுதான் அவர் கேள்வி. விசாரணையில் மாநிலத்தின் வழக்கறிஞர்கள், ஓக்லஹோமாவில் எந்த நீதிமன்றமாவது ஷரீஅத்தைப் பயன்படுத்திய ஒரு சந்தர்ப்பம்கூடத் தங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது, 2013-இல் திருத்தம் நிரந்தரமாகத் தடுக்கப்பட்டது. அவர் உயில் அவர் எழுதியபடியே செல்லும்.